பசிக்கும் தாகத்துக்கும் ஒரே வாசல்

இலைத்துளை என்பது இலையின் தோலில் இரண்டு செல்களுக்கு நடுவே திறந்து மூடும் சிறு பிளவு. நன்றாகத் திறந்திருக்கும்போதும் அதன் அகலம் பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டரைத் தாண்டாது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன்கூட இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் எண்ணிக்கை மலைக்க வைக்கும். பல தாவரங்களில் ஒரு சதுர மில்லிமீட்டரில் 100 முதல் 300 துளைகள் இருக்கின்றன. 200 என்று வைத்துக்கொண்டால், 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓர் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் 10 லட்சம் துளைகள்.

செடி உணவு தயாரிக்கத் தேவையான கரியமில வாயு உள்ளே வருவது இந்தத் துளைகள் வழியாகத்தான். ஒளிச்சேர்க்கையில் பிறக்கும் ஆக்சிஜன் வெளியேறுவதும், வேர் உறிஞ்சிய நீர் ஆவியாகிப் போவதும் இதே வழியில்தான். கரியமில வாயுவுக்குத் திறந்தால் நீர் போகும். நீரைக் காக்க மூடினால் உணவு நிற்கும். பசிக்கும் தாகத்துக்கும் ஒரே வாசல் என்பதுதான் தரையில் வாழும் செடியின் அடிப்படைச் சிக்கல். இலைத்துளையின் வடிவம், அது இருக்கும் இடம், திறக்கும் நேரம் எல்லாமே அந்தச் சிக்கலைச் சமாளிக்க வந்தவை.

மெழுகுத் தோலும் காவல் செல்களும்

தண்ணீரை விட்டுக் கரையேறிய தாவரங்களுக்கு முதல் ஆபத்து, காய்ந்துபோவது. அதைத் தடுக்க இலையின் மேல்தோலில் மெழுகு கலந்த ஒரு படலம் உருவானது. வாழையிலை மீது விழும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவது அந்த மெழுகால்தான். ஆனால் நீராவியைத் தடுக்கும் படலம் கரியமில வாயுவையும் தடுத்துவிடும். எனவே படலத்தில் திறப்புகள் தேவைப்பட்டன. அவை வேண்டும்போது மூடிக்கொள்பவையாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரப் புதைபடிவங்களில் இத்தகைய துளைகளைத் தெளிவாகக் காணலாம்.

ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் காவலாளிகள்போல் நிற்பவை காப்புச் செல்கள். மா, பருத்தி, அவரை போன்ற இருவித்திலைத் தாவரங்களில் இவை இரண்டு அவரை விதைகளை எதிரெதிரே வைத்ததுபோல் இருக்கும். நெல், சோளம், கரும்பு போன்ற புல்லினங்களில் நடுவில் ஒடுங்கி இருமுனையும் பருத்த உலக்கை வடிவம் கொண்டவை. புல்லினக் காப்புச் செல்களுக்குப் பக்கத்திலேயே துணைச்செல்கள் இருப்பதால் அவற்றின் துளைகள் வேகமாகத் திறந்து மூடுகின்றன. மேல்தோலின் மற்ற செல்களில் பச்சையம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் காப்புச் செல்களில் பச்சையம் தாங்கிய பசுங்கணிகங்கள் உண்டு. துளையின் பின்னால் ஒரு காற்றறை. அதைச் சுற்றி ஈரமான சுவர்களுடன், இடைவெளி விட்டு அடுக்கப்பட்ட செல்கள். நீர் ஆவியாவது உண்மையில் அந்த ஈரச் சுவர்களிலிருந்துதான். துளை, அந்த ஆவி வெளியேறும் வழி மட்டுமே.

துளைகள் எங்கே இருக்கின்றன என்பதிலேயே செடி வாழும் இடம் தெரிந்துவிடும். மாவிலையில் அவை அடிப்பக்கத்தில் மட்டும் உண்டு. நேர் வெயில் படாத பக்கம் அது. ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும் நெல் இலையில் இரு பக்கமும் உண்டு. நீர்மேல் மிதக்கும் அல்லி இலையில் அடிப்பக்கம் தண்ணீரில் கிடப்பதால் துளைகள் மேற்பக்கத்தில் அமைந்திருக்கின்றன. நீருக்குள்ளேயே வாழும் வேலம்பாசிக்குத் துளையே கிடையாது. கரைந்திருக்கும் வாயுக்களை அதன் செல்கள் நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. வறட்சியைத் தாங்கும் அரளியில் துளைகள் இலையின் அடியில் உள்ள குழிகளுக்குள் பதிந்திருக்கும். குழியின் வாயை மெல்லிய மயிர்கள் மறைப்பதால் வறண்ட காற்று உள்ளே வீசாது. குழிக்குள் ஈரம் தங்கும்.

வரவு ஒன்று, செலவு நூற்றுக்கணக்கில்

செடி எவ்வளவு நீரை இழக்கிறது என்பதை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடி ஒன்றை எடுத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டார். பகல் 12 மணி நேரத்தில் அந்தச் செடி சராசரியாக அரை கிலோவுக்கும் மேல் எடை இழந்தது. வறண்ட இரவுகளில் இழப்பு மிகக் குறைவு. பனி பெய்த இரவுகளில் இழப்பே இல்லை. 1727ல் வெளியான அவரது நூலில் இந்தக் கணக்குகள் உள்ளன. செடி பகலில் ஒருவிதமாகவும் இரவில் ஒருவிதமாகவும் நடந்துகொள்கிறது என்பதைத் தராசே காட்டிவிட்டது.

இழப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம் எளிய இயற்பியல். வாயுக்கள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும். வெப்பநிலை 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்று கொள்வோம். இலையின் உட்காற்றில் நீராவி முழு அளவில் நிறைந்திருக்கும். வெளியில் அதில் பாதிதான். இரண்டுக்கும் இடையே உள்ள ஆவியழுத்த வேறுபாடு சுமார் 2,100 பாஸ்கல். கரியமில வாயுவோ வெளிக்காற்றிலேயே பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில்தான் இருக்கிறது. இலைக்குள் அது சுமார் 300 பங்காகக் குறைந்திருந்தால், வேறுபாடு வெறும் 12 பாஸ்கல். போதாக்குறைக்கு நீராவி மூலக்கூறு எடை குறைந்தது. கரியமில வாயுவைவிட 1.6 மடங்கு வேகமாகப் பரவும். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் ஏறத்தாழ 280 நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன. நெல், கோதுமை போன்ற பயிர்களில் அளந்து கண்ட மதிப்பும் 200 முதல் 500 வரை என்ற எல்லைக்குள்தான் இருக்கிறது. வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பங்கு இப்படியே காற்றில் கலக்கிறது. செடியின் உடலில் தங்குவது சில சதவீதமே.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. எல்லாத் துளைகளும் திறந்திருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு பெரும்பாலும் இலைப்பரப்பில் 1 அல்லது 2 சதவீதம்தான். ஆனால் இலையின் நீரிழப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தச் சிறு பரப்பின் வழியே நடக்கிறது. இதற்கு விடை சொன்னவர்கள் ஹொரேஸ் பிரவுன், எஸ்கோம்ப் என்ற இருவர். மிகச் சிறிய துளை வழியே வாயு பரவும் வேகம் துளையின் பரப்பைப் பொறுத்ததல்ல, விட்டத்தைப் பொறுத்தது என்று 1900ல் அவர்கள் காட்டினார்கள். துளையின் விளிம்பைக் கடக்கும் மூலக்கூறுகள் நாலாபுறமும் சிதறிப் பரவ இடம் கிடைக்கிறது. எனவே ஒரே பெரிய திறப்பைவிட, அதே மொத்தப் பரப்புள்ள ஏராளமான சிறு திறப்புகள் பல மடங்கு வாயுவைக் கடத்தும். சிறியதாகவும் நெருக்கமாகவும் இருப்பதே இலைத்துளையின் பலம்.

திறப்பது உப்பு, தள்ளுவது நீர்

இலைத்துளைக்குத் தசையும் கிடையாது, கீலும் கிடையாது. காப்புச் செல்லுக்குள் நீர் புகுந்தால் துளை திறக்கும். நீர் வெளியேறினால் மூடும். நீர் நிரம்பிய செல்லின் விறைப்புதான் இந்த அசைவுக்குக் காரணம் என்று ஜெர்மானிய தாவரவியலாளர் ஹியூகோ வான் மோல் 1856ல் விளக்கினார்.

ஊதினால் பலூன் எல்லாப் பக்கமும் பெருக்கும். காப்புச் செல் அப்படிப் பெருக்க முடியாது. அதன் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பீப்பாய்க்கு வளையம் போட்டதுபோல் குறுக்காகச் சுற்றியிருக்கின்றன. அதனால் செல் அகலத்தில் விரியாமல் நீளவே முடியும். இரு காப்புச் செல்களும் முனைகளில் ஒட்டியிருப்பதால், நீளும்போது வெளிப்பக்கமாக வளைகின்றன. நடுவில் பிளவு விரிகிறது. முழுமையாகத் திறந்த துளையின் காப்புச் செல்லுக்குள் இருக்கும் அழுத்தம், கார் டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் போகக்கூடும்.

நீர் ஏன் உள்ளே புகுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க நீண்ட காலம் பிடித்தது. காப்புச் செல்லில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நீரை இழுக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலவிய கருத்து. 1960களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகள் வேறொரு பொருளைச் சுட்டின: பொட்டாசியம். இன்றைய புரிதலில் வரிசை இதுதான். வெயிலின் நீல ஒளியைக் காப்புச் செல்லின் சவ்வில் உள்ள ஒளியுணரிகள் உணர்கின்றன. உடனே சவ்வில் உள்ள புரத விசைப்பம்பு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அதனால் செல்லின் உட்புறம் மின்னேற்றத்தில் எதிர்க்குறி பெற, நேர்க்குறி கொண்ட பொட்டாசியம் அயனிகள் தனிக் கால்வாய்கள் வழியே உள்ளே பாய்கின்றன. அவற்றை ஈடுசெய்யக் குளோரைடும் சேர்கிறது. மாவுச்சத்தைச் சிதைத்து மாலிக் அமிலத்தின் அயனிகளும் உருவாகின்றன. உப்பு மிகுந்த பக்கம் நீர் நகர்வது சவ்வூடுபரவலின் விதி. நீர் புக, செல் விறைக்க, துளை திறக்கிறது. மூடும்போது இதே வரிசை தலைகீழாக நடக்கிறது. பழைய சர்க்கரைக் கருத்தும் முழுத் தவறு அல்ல. நாளின் பிற்பகுதியில் துளை திறந்தே இருப்பதில் சர்க்கரைக்கும் பங்கு உண்டு என்று தெரிந்திருக்கிறது.

பல குரல், ஒரு முடிவு

எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதைக் காப்புச் செல் பல செய்திகளைச் சேர்த்து எடைபோட்டே முடிவு செய்கிறது. முதல் செய்தி ஒளி. இரண்டாவது, இலைக்குள் இருக்கும் கரியமில வாயுவின் அளவு. ஒளிச்சேர்க்கை நடந்தால் அது குறையும், துளை அகலும். இருட்டில் செல்களின் சுவாசத்தால் அது கூடும், துளை ஒடுங்கும். மூன்றாவது, காற்றின் வறட்சி. வெளிக்காற்று காயக்காய நீரிழப்பு கூடுவதால் துளை சற்றுச் சுருங்கும். கடும் வெயில் நாட்களில் பல செடிகள் உச்சிவேளையில் துளைகளைப் பாதி மூடி, பிற்பகலில் மீண்டும் திறப்பது இதனால்தான்.

நான்காவது செய்தி மற்ற எல்லாவற்றையும் மீறக்கூடியது: அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். மண் காய்ந்து, இலையின் நீர் குறையும்போது செடி இதைத் தயாரிக்கிறது. காப்புச் செல்லில் இது பட்டதும் அயனிகள் வெளியேறும் கால்வாய்கள் திறக்கின்றன. சில நிமிடங்களிலேயே துளை மூடத் தொடங்குகிறது. வெயில் எவ்வளவு அடித்தாலும் இந்த உத்தரவே செல்லும். இந்த அமிலத்தைப் போதுமான அளவு தயாரிக்க முடியாத தக்காளிச் செடிகள் உண்டு. வேரில் ஈரம் இருந்தாலும் அவை எளிதில் வாடிவிடும். அமிலத்தை அடையாளம் காணும் புரதங்கள் எவை என்பது 2009ல்தான் உறுதியானது.

போகும் நீர் செய்யும் வேலை

ஆவியாகிப் போகும் நீர் முழுக்க வீண் அல்ல. இலையிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு ஆவியாகும்போது, அதன் இடத்துக்குப் பின்னால் இருப்பது இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் இந்த இழுப்பு இலையிலிருந்து தண்டின் நீர்க்குழாய்கள் வழியே வேர்வரை எட்டுகிறது. டிக்சன், ஜோலி ஆகிய இருவரும் 1894ல் முன்வைத்த விளக்கம் இது. கலிஃபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் வளர்ந்து நிற்கும் செம்மரத்தின் உச்சிக்கு நீர் ஏறுவதும் இப்படித்தான்; கிணற்றில் கயிறு இழுப்பதுபோல் மேலிருந்து இழுக்கும் வேலை. மண்ணில் கரைந்த தாதுச் சத்துகளும் அந்த நீரோடு ஏறுகின்றன.

குளிர்ச்சி இன்னொரு பலன். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதை இலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வாடிய பயிரின் இலை, நீர் பாய்ந்த பயிரின் இலையைவிடச் சூடாக இருப்பது இதனால். மேலிருந்து வெப்பப் படம் எடுத்து எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கண்டறியும் முறை இந்த வேறுபாட்டையே பயன்படுத்துகிறது. பெரிய அளவில் பார்த்தால், அமேசான் காடு விடும் நீராவியில் ஒரு பகுதி மீண்டும் மழையாக அந்தக் காட்டின் மீதே பெய்கிறது. உலகின் நிலத் தாவரங்கள் ஆண்டுதோறும் துளைகள் வழியே எடுக்கும் கார்பன் சுமார் 12,000 கோடி டன். அதில் பாதியளவைச் சுவாசத்தில் அவையே திருப்பி விடுகின்றன.

இரவில் திறக்கும் வாசல்

பகலில் மூடி, இரவில் திறந்தால் நீர்ச் செலவு பெருமளவு குறையும். ஆனால் இரவில் ஒளி இல்லை; உணவு தயாரிக்க முடியாது. இந்த முரணைச் சில தாவரங்கள் தீர்த்துக்கொண்டன. அதன் முதல் தடயங்களில் ஒன்று மெட்ராஸ் மாகாணத்தில் கிடைத்தது. தரங்கம்பாடிக்கு மொராவிய சமய ஊழியராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை மென்று பார்த்தார். விடியற்காலையில் நல்ல புளிப்பு; நண்பகலில் சுவையே இல்லை; மாலையில் லேசான கசப்பு. 1813ல் அவர் எழுதிய கடிதம் 1815ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது.

அந்தப் புளிப்பு மாலிக் அமிலத்தின் சுவை. ரணகள்ளி, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி போன்றவை இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து அந்த வாயுவை விடுவித்து, வெயிலின் துணையுடன் உணவாக்குகின்றன. நண்பகலில் புளிப்பு மறைவதன் ரகசியம் இதுதான். இவற்றில் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு ஆகும் நீர்ச் செலவு 50 முதல் 100 வரைதான். வளர்ச்சி மெதுவாக இருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு ஆகியவை நடுவழியைக் கண்டன. அவற்றின் இலையில் கரியமில வாயுவை முதலில் பிடித்து உட்செல்களில் குவிக்கும் தனி ஏற்பாடு உண்டு. அதனால் துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும். நீர்ச் செலவு ஏறத்தாழ 150. மானாவாரி நிலத்தில் நெல் நிற்க முடியாத இடத்தில் கம்பும் சோளமும் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நோய் நுழையும் வழி

திறந்த வாசலில் அழையாத விருந்தாளியும் நுழைவார். 1869ல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத் தூள் படிந்த ஒரு நோய் தோன்றியது. அந்தத் துருப் பூஞ்சையின் வித்து இலையின் அடியில் முளைத்து, துளை வழியே உள்ளே புகுகிறது; வளர்ந்தபின் புதிய வித்துகளைத் துளை வழியாகவே வெளியே தள்ளுகிறது. மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி இதன் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்தார். ஆனால் காப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. சுமார் 20 ஆண்டுகளில் மலையகத்தில் காப்பி போய்த் தேயிலை வந்தது. பருவத்துக்கு மட்டும் ஆள் தேவைப்பட்ட காப்பிக்குப் பதில் ஆண்டு முழுதும் ஆள் கேட்ட தேயிலை, தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் அங்கேயே நிலைத்துவிடக் காரணமானது.

நோய்க்கிருமி நுழைவதைச் செடி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பாக்டீரியா இலையில் பட்டால் காப்புச் செல்கள் அதை உணர்ந்து துளையை மூடுகின்றன என்பதை 2006ல் வெளியான ஆய்வு காட்டியது. சில பாக்டீரியாக்கள் அதற்கும் மாற்று வைத்திருக்கின்றன. ஒரு நச்சுப்பொருளைச் சுரந்து, மூடிய துளையைத் திறக்கச் செய்கின்றன.

எத்தனை துளை என்பதும் ஒரு முடிவு

திறப்பதும் மூடுவதும் நிமிடக் கணக்கு. எத்தனை துளைகள் வைப்பது என்பது இலை பிறக்கும்போதே எடுக்கும் முடிவு. அதை ஆளும் மரபணுக்களில் மூன்றுக்கு ஆய்வாளர்கள் ஸ்பீச்லெஸ், மியூட், ஃபாமா என்று பெயரிட்டனர். முதல் இரண்டு பெயர்களுக்கும் பேச்சற்றது, ஊமை என்று பொருள். இவை பழுதுபட்ட செடியின் இலைக்குத் துளை என்ற ‘வாய்’ இருக்காது. இரு துளைகள் ஒட்டிப் பிறக்காமல், இடையே குறைந்தது ஒரு செல்லாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் புரதச் செய்திகளும் உண்டு.

காற்றும் இந்த எண்ணிக்கையை மாற்றுகிறது. 1987ல் எஃப். ஐ. உட்வர்ட் என்ற ஆய்வாளர், கேம்பிரிட்ஜில் 200 ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த உலர்ந்த இலைகளின் துளைகளை எண்ணினார். தொழிற்புரட்சிக்கு முந்தைய இலைகளோடு ஒப்பிட்டால் துளைகளின் அடர்த்தி சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து ஏறிவந்த காலம் அது. வாயு எளிதாகக் கிடைத்தால் வாசல்கள் குறைவாக இருந்தாலும் போதும். இந்தத் தொடர்பைக் கொண்டு, புதைபடிவ இலைகளின் துளைகளை எண்ணிப் பழங்காலக் காற்றின் தன்மையைக் கணிக்கிறார்கள். ஐஆர்64 என்ற நெல் ரகத்தில் துளைகளைக் குறைத்துச் செய்த சோதனையின் முடிவு 2019ல் வெளியானது. அந்தப் பயிர் குறைந்த நீரில் வளர்ந்ததோடு வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியது.

வயலில் இந்த அறிவு

உழவர் பழக்கங்கள் பல இந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தவை. நாற்றை மாலையில் நடுவது, வேர் மண்ணைப் பிடிக்கும்வரை இலை அதிகம் நீர் விடாதிருக்க. நட்ட குச்சியின் மேல் பாலித்தீன் உறை கவிழ்ப்பது, சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்து வெளியிழுப்பைக் குறைக்க. தோட்டத்தைச் சுற்றிச் சவுக்கு வரிசை நடுவது, இலையை ஒட்டிய ஈரக் காற்றைக் காற்று வாரிக்கொண்டு போகாமலிருக்க. கயோலின் என்ற வெண்களிமண்ணைக் கரைத்துத் தெளிப்பது, வெயிலைத் திருப்பியனுப்பி இலைச் சூட்டைத் தணிக்க. பொட்டாஷ் சத்துக் குறைந்த பயிர் வறட்சியில் எளிதில் தடுமாறுவதற்கும் காரணம் துளையிலேயே இருக்கிறது. திறந்து மூடும் வேலைக்குப் பொட்டாசியம்தான் கருவி.

துளைகளையே மூடவைக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டதுண்டு. அவை நீரை மிச்சப்படுத்தின. கூடவே கரியமில வாயுவையும் தடுத்து வளர்ச்சியைக் குறைத்தன. வாசல் ஒன்றே என்பதால் இதற்கு விலக்கு இல்லை. நீர் குறைந்த நிலத்துக்கு ஏற்ற வழி, துளையை அடைப்பது அல்ல. துளையைக் குறைவாகத் திறந்தே பிழைக்கத் தெரிந்த பயிரைத் தேர்ந்து நடுவது.